கொரோனாவில் விட்டுப்போன மார்பகப் பரிசோதனை: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நடந்ததும் இப்போது செய்யவேண்டியதும்

ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 54 வயது. ஊர் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். 2019இல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை பார்க்கப் போனபோது நர்ஸ் மார்பையும் பரிசோதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அடுத்த வருடம் கொரோனா. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, அம்மாவும் போகவில்லை. பெருந்தொற்றில் பரிசோதனை நின்றுபோனதால் நிஜமாகவே உயிர்ச்சேதம் உண்டா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா? இப்போது அம்மாவுக்கு என்ன செய்ய வேண்டும்?"

சேதம் நிஜம்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. மார்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு ஒரு பரிசோதனை ஒரு வருடம் தள்ளிப்போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கையில் கட்டி தட்டுப்பட்டும் "கொரோனா அடங்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்தவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் அம்மா மாதிரி ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2020இல் நின்ற பரிசோதனை திரும்பத் தொடங்கவே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சர்க்கரை, பிபி, புற்றுநோய் மாதிரியான நோய்களைப் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில் மருத்துவராக வேலை பார்த்தவள் நான். எனக்கு அதிகக் கவலை இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில், நம் ஊரில் நின்றது எது என்று பார்க்க வேண்டும். ஸ்கிரீனிங், அதாவது தொந்தரவு இல்லாதவர்களையும் பரிசோதித்துப் பார்ப்பது, என்றதும் பலருக்கு மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் மெஷின் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் அப்படித்தான்: 50 வயதிலிருந்து 71 வரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக்குக் கடிதம் வரும், போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவில் அந்த ஏற்பாடு கிடையாது. தேசிய தொற்றா நோய்த் திட்டம் 2010இல் வந்தது. 2016இல் வெளியான வழிமுறைப்படி, 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ கையால் மார்பைத் தடவிப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 2019இல் நடந்தது அதுதான்.

கையால் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடும் என்று படித்தவர்களே கேட்பார்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 20 வருடம் ஓர் ஆய்வு நடத்தியது. 35 முதல் 64 வயது வரையான சுமார் 1.5 லட்சம் பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். முடிவு 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்ட பெண்களுக்குப் புற்றுநோய் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் 30 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. 50 வயதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 54. பலன் தெரிந்த வயதுக்குள் அவர் இருக்கிறார்.

நம் பக்கத்தில் இந்தப் பரிசோதனைக்கென்று தனியாக யாரும் வீட்டிலிருந்து கிளம்பி வருவதில்லை. பிபி மாத்திரை வாங்க வருவார், சர்க்கரை பார்க்க வருவார். அங்கே இருக்கும் நர்ஸ், "அக்கா, உள்ளே வாங்க, மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பார்த்துடலாம்" என்று திரைக்குப் பின்னால் கூப்பிடுவார். பாதிப் பேர் "இன்னொரு நாள் பார்க்கலாம்மா" என்று நழுவுவார்கள். மீதிப் பேர் வருவார்கள். மாத்திரைக்காக வரும் வரவைத்தான் பரிசோதனை நம்பியிருந்தது. அது புத்திசாலித்தனமான ஏற்பாடு, செலவும் குறைவு. ஆனால் மாத்திரைக்கு வருவது நின்றால் பரிசோதனையும் சேர்ந்து நின்றுவிடும். 2020இல் அதுதான் நடந்தது.

மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. கூட்டம் சேரக்கூடாது என்பதற்காகச் சர்க்கரை, பிபி நோயாளிகளுக்கு ஒரே தடவையில் கூடுதல் நாளுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினோம். அது சரியான முடிவு, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர்கள் காய்ச்சல் முகாமுக்குப் போனார்கள். கிராம சுகாதார செவிலியர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்களின் வீடு வீடாக ஸ்டிக்கர் ஒட்டவும், தொடர்பில் இருந்தவர்களைத் தேடவும் போனார்கள். ஒரு பெண்ணுக்கு மிக அருகில் நின்று சில நிமிடங்கள் கையால் தொட்டுச் செய்கிற பரிசோதனையை அந்த நேரத்தில் செய்யச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பொது மருத்துவமனைகளில் வார்டுகள் கொரோனாவுக்கு மாறின. அறுவை அரங்குகள் அவசர கேஸ்களுக்கு மட்டும் என்று ஆயின.

இதில் ஒரு விஷயம் என்னை இப்போதும் உறுத்துகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2020 மே தொடக்கம் வரை ஒரு தொற்றுகூட இல்லாமல் பச்சை மண்டலமாக இருந்தது. தமிழ்நாட்டில் கடைசியாகத் தொற்று வந்த மாவட்டம் அதுதான். ஆனால் மற்ற ஊர்களில் நின்றதெல்லாம் அங்கேயும் அதே நாளில் நின்றது. கொரோனா வருவதற்கு முன்னாலேயே, ஏப்ரல் மாதம் முழுக்க, தளியிலும் அஞ்செட்டியிலும் ஊத்தங்கரையிலும் மார்புக் கட்டியோடு இருந்த பெண்கள் வீட்டில் இருந்தார்கள். நோய் இருக்கும் ஊருக்கும் இல்லாத ஊருக்கும் ஒரே கட்டுப்பாடு போட்டால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் பயணம். நம் இரண்டு மாவட்டத்துப் பெண்களுக்கும் புற்றுநோய் வைத்தியம் என்றால் மூன்று திசைதான்: சேலம், பெங்களூரு, சென்னை. சேலம் தர்மபுரியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஓசூரிலிருந்து பெங்களூரு வெறும் 40 கிலோமீட்டர், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. ஆனால் நடுவில் ஜூஜூவாடியில் மாநில எல்லை. 2020 ஜூன் 1இல் பேருந்தைத் திறந்தபோது தமிழ்நாட்டை மண்டலங்களாகப் பிரித்தார்கள். சேலம் கோவை, ஈரோட்டோடு முதல் மண்டலத்தில். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டையோடு இரண்டாவதில். தொப்பூர் கணவாயைத் தாண்டினால் வேறு மண்டலம், இ-பாஸ் வேண்டும். ஜூலையும் ஆகஸ்டும் பேருந்தே ஓடவில்லை. செப்டம்பர் 7இல்தான் மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓடியது.

மருத்துவக் காரணத்துக்கு இ-பாஸ் கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது, கையில் காகிதம் இருந்தவர்களுக்கு. ஏற்கெனவே கீமோ போய்க்கொண்டிருந்தவரிடம் மருத்துவமனைச் சீட்டு இருந்தது, அதைப் பதிவேற்றினார், பாஸ் வந்தது. கட்டி இருக்கிறது என்று தனக்கு மட்டும் தெரிந்த பெண்ணிடம் என்ன காகிதம் இருக்கும்? நோய் என்று உறுதியானால்தான் சீட்டு, பயணம் போனால்தான் உறுதியாகும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இருந்தாலும் அவர்களை எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

வீட்டு நிலைமையும் சேர்ந்துகொண்டது. பெங்களூரில் கட்டட வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போயிருந்த ஆண்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். வருமானம் இல்லை, வீடு நிறைய ஆட்கள். குளிக்கும்போது நிதானமாக மார்பைத் தடவிப் பார்க்கக்கூட ஒரு பெண்ணுக்கு நேரமும் தனிமையும் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரு ஸ்மார்ட்போன் பிள்ளைகளின் வகுப்புக்குப் போனது. இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம் என்று வசதி வந்தது, தமிழ்நாட்டில் நிறையப் பேர் பயன்படுத்தினார்கள், காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் அது உதவியது. மார்புக் கட்டிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. போனில் கட்டியைத் தொட்டுப் பார்க்க முடியாது. காமிராவுக்கு முன்னால் காட்டச் சொன்னால் நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் காட்டுவார்கள்?

சரி, இதெல்லாம் சேர்ந்து எவ்வளவு பேரைத் தடுத்தது? தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில் இருக்கும் 41 மருத்துவமனைகளின் கணக்கு 2021இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தது. 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவான நோயாளிகள் 1,12,270 பேர். 2020இல் அதே மூன்று மாதத்தில் 51,760 பேர். அதாவது 54 சதவீதம் குறைவு. பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதம் குறைந்தன. கதிர்வீச்சுக்கு வந்தவர்கள் 23 சதவீதம் மட்டும் குறைந்தார்கள். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களை மருத்துவமனைகள் முடிந்தவரை கைவிடவில்லை. உள்ளே வர வேண்டியவர்கள்தான் வரவில்லை. அதே அறிக்கையில், 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட மையங்களில் புற்றுநோய் ஸ்கிரீனிங் முழுக்க நின்றிருந்தது, அல்லது வழக்கத்தில் கால்வாசிக்கும் கீழே போயிருந்தது. இவை பெரிய மருத்துவமனைகள். மாவட்டத்திலும் வட்டாரத்திலும் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்க வழியில்லை.

வராதவர்களுக்கு நோய் வராமல் போய்விடவில்லை. உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: தொந்தரவோடு முதல் முறை மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று உறுதியாக வேண்டும். நம் முதல் ஊரடங்கு மட்டும், மார்ச் 25 முதல் மே 31 வரை, 68 நாள். அதற்கு மேல் பேருந்து இல்லாத மாதங்கள். அதற்கு மேல் 2021 ஏப்ரல், மே மாதங்களின் இரண்டாம் அலை, நம் ஊர்களை நிஜமாகவே உலுக்கிய அலை அதுதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020 நவம்பரில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது: மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் மரண அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்றால் அது மேலும் கூடும். இந்தியப் பதிவேடுகளின் கணக்குப்படி, நோய் மார்போடு நிற்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருடம் கடந்து உயிரோடு இருப்பவர்கள் 81 சதவீதம். அக்குள் நெறிகட்டி வரை போயிருந்தால் 65.5. உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவியிருந்தால் 18.3. பரிசோதனை அறையில் நான் ஒரு பெண்ணிடம் "எப்போ கவனிச்சீங்க?" என்று கேட்கும்போது என் மனதில் ஓடுவது இந்த மூன்று எண்கள்தான்.

2020 கடைசியிலும் 2021லும் வந்தவர்கள் சொன்ன பதில்கள் ஒன்றைப்போல ஒன்று இருந்தன. மாங்காய் சீசனில் கட்டி கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் நல்ல கட்டி என்று நினைத்தார்கள். வேப்பிலை மஞ்சள் பற்றுப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா டெஸ்ட் எடுப்பார்கள், பாசிட்டிவ் என்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தார்கள். தை மாதம் வரும்போது தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுந்து, சிலருக்குப் புண்ணாகவே ஆகியிருந்தது. இன்னும் சிலர் பக்கத்து ஊர்ச் சிறு மருத்துவமனையில் கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வந்தார்கள். எடுத்த சதையை ஆய்வகத்துக்கு அனுப்பவே இல்லை. அது என்ன கட்டி என்று சொல்ல யாரிடமும் எதுவும் மிச்சமில்லை. இதை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பிலிருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும் அது சதைப் பரிசோதனைக்குப் போக வேண்டும், ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே ஊசி வழியாகச் சதையெடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

இப்போது வெளிநாட்டுக்கு ஒரு சுற்று, ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையின் முக்கியமான பகுதி அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்கிரீனிங் நின்று, மருத்துவரிடம் வருவதும் குறைந்ததால் அடுத்த ஐந்து வருடத்தில் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் 7.9 முதல் 9.6 சதவீதம் வரை கூடலாம் என்று 2020இல் கணித்தார்கள். அமெரிக்காவில் காப்பீடு இல்லாத ஏழைப் பெண்களுக்கான அரசுத் திட்டத்தில், 2020 ஏப்ரலில் மார்பகப் பரிசோதனைகள் முந்தைய ஐந்து வருடச் சராசரியைவிட 87 சதவீதம் விழுந்தன. நெதர்லாந்திலும் மார்ச் நடுவில் நிறுத்தினார்கள். ஆனால் சில மாதத்தில் ஒழுங்காகத் திரும்பத் தொடங்கினார்கள், விட்டுப்போனவர்களை அழைத்தார்கள். பிறகு அவர்களின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தபோது, முற்றிய நிலையில் வருவோர் பெருகியதாகத் தெரியவில்லை.

சில மாதம் நிறுத்துவது ஒரு ஏற்பாட்டைக் கெடுத்துவிடுவதில்லை என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நிறுத்திய பிறகு யார் யார் விட்டுப்போனார்கள் என்ற பட்டியல் கையில் இருக்கிறதா, அதை வைத்து ஒருவர் உட்கார்ந்து போன் பண்ணுகிறாரா என்பதுதான் கேள்வி. நெதர்லாந்துக்காரர்களிடம் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் தேதியும் இருந்தது. நம்மிடம் எத்தனை பேருக்குப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கை இருந்தது. இன்னாருக்கு அடுத்து எப்போது என்ற பட்டியல் இல்லை. எண்ணிக்கையை மேலே அனுப்பலாம், அதை வைத்து உங்கள் அம்மாவைக் கூப்பிட முடியாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்ட 30 முதல் 49 வயது வரையான பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் அதைவிடப் பல மடங்கு கூடுதல், ஆனாலும் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கொரோனாவுக்கு முன்பே நம் நிலைமை இவ்வளவுதான். பெருந்தொற்று வந்து ஒரு நல்ல ஏற்பாட்டை உடைத்துவிட்டது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அப்போதுதான் காலூன்றத் தொடங்கிய ஒன்றைத் தள்ளிவிட்டது, தூக்கி நிறுத்த ஆளில்லை.

இந்தப் பட்டியல் விஷயத்தில் தமிழ்நாடு பிறகு ஓர் அடி எடுத்து வைத்தது. 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், வீடு தேடி அழைப்பு கொடுத்துப் பெண்களைப் பரிசோதனைக்கு வரவழைக்கும் முறையைத் தொடங்கினார்கள். திருப்பத்தூர் நமக்குப் பக்கத்து மாவட்டம். அந்த முறை மற்ற மாவட்டங்களுக்கும் வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்குக் காரணம், அழைப்பில் பெயர் இருக்கிறது என்பதுதான். பெயர் இருந்தால், வராதவர் யார் என்பது தெரியும்.

மருந்தை வீடு தேடிக் கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டம் நம் ஊரில்தான் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் தொடங்கி வைத்தார். பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சை வருகிறது. மலைக் கிராமத்து வயதானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் முன்னே சொன்னதை யோசியுங்கள். மாத்திரைக்காக வரும்போதுதான் மார்பைப் பரிசோதித்தோம். மாத்திரை வீட்டுக்குப் போனால் அந்தப் பெண் எதற்காக நிலையத்துக்கு வருவார்? திரை போட்ட அறையும் பயிற்சி பெற்ற கையும் அங்கேதான் இருக்கின்றன. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், சுய உதவிக் குழுவில் இருப்பவர். அவர் வாசலில் நின்று, "அக்கா, மார்பைக் காட்டி எத்தனை வருஷம் ஆச்சு? செவ்வாய்க்கிழமை நான் கூட வர்றேன், போயிட்டு வந்துடலாம்" என்று கேட்டால் போதும். பெருந்தொற்று அறுத்த நூலைக் கட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தோன்றவில்லை.

தடுப்பூசி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா ஊசி போட்ட கைப்பக்கத்து அக்குளில் சிலருக்கு நெறி கட்டியது. ஃபைசர், மாடர்னா வகையில் அதிகம் பதிவானது. நம்மூரில் போட்ட ஊசிகளிலும் சிலருக்கு வந்தது. அது உடம்பின் எதிர்ப்பு சக்தி வேலை செய்வதன் அடையாளம், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். மேமோகிராமில் அது தெரிந்து குழப்பம் வந்ததால், 2021 தொடக்கத்தில் ஊசிக்குப் பின் சில வாரம் தள்ளிப் படம் எடுக்கச் சொன்னார்கள். அடுத்த வருடமே, தள்ள வேண்டாம், ஊசி போட்ட விவரத்தை மட்டும் சொன்னால் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். தடுப்பூசியால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்கு அக்குளில் நெறி இருந்து, அது மாதக்கணக்கில் குறையவில்லை என்றால், பழைய ஊசியைக் காரணம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். காட்டுங்கள்.

அந்தக் காலத்தில் நல்லதும் கொஞ்சம் நடந்தது. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகைப் புற்றுநோய் என்று தெரிந்தவர்களுக்கு, அறுவை சிகிச்சை கிடைக்கும் வரை மாத்திரை கொடுத்து நோயை நிறுத்தி வைத்தார்கள். கதிர்வீச்சில் இன்னொரு பெரிய மாற்றம். நம் மக்கள் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். மூன்று வாரம், ஐந்து வாரம் என்று தினமும் போக வேண்டியதை, தகுதியான சிலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையாக முடிக்கலாம் என்று இங்கிலாந்தின் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு 2020 ஏப்ரலில் காட்டியது. பெருந்தொற்று நெருக்கியதால் பல மருத்துவமனைகள் இதைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டன. அரூரிலிருந்து சென்னைக்குப் போய், வாடகை அறை எடுத்து, கூட ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கிய குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். கதிர்வீச்சு சொன்னால், "எங்களுக்குக் குறைந்த நாளில் முடிக்கும் முறை சரிப்படுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. தொந்தரவு இல்லாதவர்களின் பரிசோதனையைச் சில மாதம் நிறுத்தலாம், பெயர்ப் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு. கட்டி உள்ளவர்களுக்கான வழியை ஒரு நாள்கூட மூடக்கூடாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் வாரத்தில் ஒரு காலைப் பொழுது, காய்ச்சல் நோயாளிகள் வராத ஓர் அறை, ஒரு பெண் செவிலியர், இவ்வளவு இருந்தால் போதும். அந்தச் செவிலியர் எழுதிக் கொடுக்கும் சீட்டே பயண அனுமதியாக இருக்க வேண்டும். "மார்பில் கட்டி இருந்தால் ஊரடங்கிலும் வாருங்கள்" என்று காய்ச்சல் அறிவிப்போடு சேர்த்து ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும், தளி, கெலமங்கலம் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும்.

இனி உங்கள் அம்மா. 2019இல் பார்த்தது, ஐந்து வருடக் கணக்குப்படியே தவணை தாண்டிவிட்டது. பதற வேண்டாம், ஆனால் இந்த மாதமே போகட்டும். முதலில் அவரிடம் நேராகக் கேளுங்கள், போனில் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து: கட்டி ஏதாவது கையில் படுகிறதா, ஒரு மார்பின் வடிவம் மாறியிருக்கிறதா, காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, காம்பில் ரத்தமோ நீரோ கசிகிறதா, தோல் குழி விழுந்திருக்கிறதா, அக்குளில் நெறி உண்டா. அம்மாக்கள் மகளிடம்கூட முதல் தடவை "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வார்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

ஒன்றுமே இல்லை என்றால் அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். தொற்றா நோய்ப் பிரிவில், "மார்பகமும் கர்ப்பப்பை வாயும் பார்க்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கூட்டத்தில் பிபி மட்டும் பார்த்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. 54 வயதுக்கு, வசதி கிடைத்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு மேமோகிராமும் நல்லது, அதற்கு அங்கிருந்தே மேலே எழுதிக் கொடுப்பார்கள். குடும்பத்தில் அம்மாவின் அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மேலே கேட்டதில் ஏதாவது ஒன்று இருந்தால் சுகாதார நிலையத்தில் காத்திருக்க வேண்டாம், நேராகத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கையால் பார்த்தல், ஸ்கேன் அல்லது மேமோகிராம், ஊசி வழிச் சதைப் பரிசோதனை மூன்றும் நடந்தால்தான் பதில் முழுமை. பத்துக் கட்டியில் எட்டு ஒன்பது சாதாரணக் கட்டிதான், அதனால் பயந்து நிற்க வேண்டாம்.

செலவுக்கு: ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் முதல் நாளே எடுத்துக்கொண்டு போங்கள். காப்பீட்டு அட்டை இல்லை என்றால் வருமானச் சான்று வாங்கி கலெக்டர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம், நோய் என்று தெரிந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே செய்துவிடுவது நல்லது. நீங்கள் ஓசூரில் கம்பெனி வேலை என்றால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கலாம். உங்களைச் சார்ந்து வாழும், சொந்த வருமானம் குறைவான பெற்றோருக்கும் அதில் மருத்துவ உரிமை உண்டு. அம்மாவின் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அப்புறம், பரிசோதனை முடிந்ததும் தேதியையும் முடிவையும் சீட்டில் எழுதி வாங்கி உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணைக்கு அவரைக் கூப்பிட வேண்டியவர் இப்போதைக்கு நீங்கள்தான்.